பட்டத்துக்கு ஒரு சர்வீஸ்

என்னுடைய ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 மோட்டார் சைக்கிளின் ஓடோமீட்டர் சென்ற வாரம் 61,000 கிலோமீட்டரைத் தாண்டியது. மலைகளுக்கும் வெளி மாவட்டங்களுக்கும் போய்வந்த பயணங்களையெல்லாம் கூட்டினாலும் அதில் 15,000 தேறாது. மிச்சம் முழுவதும், நீடாமங்கலத்துக்கு அருகே வெண்ணாற்றங்கரையில் இருக்கும் எங்கள் ஊருக்கும் நான் வேலை பார்க்கும் மன்னார்குடிப் பள்ளிக்கும் இடையிலான 14 கிலோமீட்டரை மீண்டும் மீண்டும் கடந்ததால் சேர்ந்த தூரம். நெடும்பயணத்துக்கென்றே செய்த வண்டியைப் பள்ளிக்கூடத்துக்கு ஓட்டுவது அதற்கு ஓய்வு கொடுப்பது போலத்தான் என்று தொடக்கத்தில் தப்புக்கணக்குப் போட்டிருந்தேன். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி இறங்கித் திரும்பியபோது, வண்டியைத் துடைத்துச் செயினுக்கு எண்ணெய் விட்டதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை. ஆனால் அதே ஆண்டு தை மாதத்தில், இந்த 14 கிலோமீட்டர் சாலை மூன்று வாரத்தில் ஒரு காற்று வடிகட்டியையும் முன்சக்கர அச்சோரத்தில் தூசி புகாமல் மூடியிருக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீலையும் தின்று தீர்த்தது.

வண்டியோடு வந்த கையேடு பெரும்பாலான வேலைகளைக் கிலோமீட்டர், மாதக் கணக்கில்தான் சொல்கிறது. அந்தக் கணக்கில் தவறில்லை. தையில் ஓடிய 500 கிலோமீட்டரும் பங்குனியில் ஓடிய 500 கிலோமீட்டரும் டெல்டாவில் ஒன்றல்ல என்பதை அறிய அதற்கு வழியில்லை, அவ்வளவுதான். ஆகவே நான்கு ஆண்டுகளாக என்ஜின் ஆயில் மாற்றுவது போன்ற சில வேலைகளை மட்டும் கிலோமீட்டருக்கு விட்டுவிட்டு, மற்றவற்றையெல்லாம் பட்டத்தை, அதாவது பயிர்ப்பருவத்தை ஒட்டி, வயலில் என்ன நடக்கிறது என்று பார்த்துச் செய்துவருகிறேன்.

சம்பா அறுவடையிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் வண்டிக்கு ஆண்டிலேயே கடுமையான காலம் அதுதான். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் நெல்லை எடுப்பதில்லை. சில ஆண்டுகளில் தளர்வு கிடைக்கும், சில ஆண்டுகளில் கிடைக்காது. களம் போதாத ஊர்களில் நெல் சாலைக்கு வருகிறது. பாதிச் சாலையில் நெல், மீதிச் சாலையில் எதிரெதிராக வரும் போக்குவரத்து என்ற நிலையில், ஓரத்தில் சிதறிக்கிடக்கும் மணிகளின் மேல் டயர் ஏறினால் அவை பேரிங் குண்டுகளைப் போல உருளுகின்றன. பிரேக்கில் இருக்கும் ஏபிஎஸ் வசதி, சக்கரம் பூட்டிக்கொள்வதைத் தடுக்குமே தவிர, பிடிமானமே இல்லாத இடத்தில் பிடிமானத்தை உண்டாக்காது. வேகத்தை நெல் தொடங்குவதற்கு முன்பே குறைத்துவிட்டு, வண்டியைச் சாய்க்காமல், முன்பிரேக்கைத் தொடாமல், ஆக்ஸிலரேட்டரை ஒரே நிலையில் பிடித்துக் கடந்துவிடுவதுதான் நான் கற்றுக்கொண்ட முறை. சாலையில் காயவைப்பது சரியா என்ற வாதத்துக்குள் நான் போவதில்லை. எங்கள் நெல்லும் அங்கேதான் காய்கிறது.

நெல்லைவிட வைக்கோல் பொல்லாதது. டிராக்டர் டிரெய்லரில் உயர அடுக்கிச் செல்லும் வைக்கோலிலிருந்து சாலையெங்கும் உதிரும் தாள்கள் முன்சக்கர அச்சில் கயிறு போலச் சுற்றிக்கொண்டு, ஆயில் சீலின் உதட்டை மெல்ல மெல்ல அறுத்துவிடுகின்றன. சீல் போன பிறகு வீல் பேரிங்குக்குள் தூசியும் தண்ணீரும் போவதை யாராலும் தடுக்க முடியாது. என்ஜினுக்கு அடியில் இருக்கும் தகட்டுக்கும் சைலன்ஸர் குழாய்க்கும் இடையில் சேரும் வைக்கோல் வேறு வகையான ஆபத்து. ஒரு மாசி மாத மாலையில் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியபோது ஏதோ கருகும் வாடை வந்தது. யாரோ வரப்பில் சருகு கொளுத்துகிறார்கள் என்று எண்ணி உள்ளே போகப் பார்த்தேன். திண்ணையில் உட்கார்ந்திருந்த பக்கத்து வீட்டுச் சித்தப்பாதான், “தம்பி, ஒன் வண்டிக்கு அடியிலதான் பொகையிது, மொதல்ல அதப் பாரு” என்று எழுந்து ஓடிவந்தார். அன்று ஒரு வாளி மணலோடு போயிற்று. அதன் பிறகு தை, மாசி இரண்டு மாதமும் வீடு திரும்பியவுடன் டார்ச் அடித்து அடிப்பகுதியைப் பார்ப்பதும், பழைய குடைக்கம்பியை வளைத்துச் செய்த கொக்கியால் அச்சிலும் தகட்டிலும் சிக்கியதை இழுத்துப் போடுவதும் பழக்கமாகிவிட்டது. குழாய் சூடாக இருக்கும்போது கையை விடக்கூடாது என்பதையும் அனுபவத்தில்தான் தெரிந்துகொண்டேன்.

கண்ணுக்குத் தெரியாமல் கெடுதல் செய்வது சுணை, அதாவது நெல்லிலும் தாளிலும் இருந்து பறக்கும் நுண்ணிய முள்தூசி. அறுவடை இயந்திரம் சாலையோர வயலில் ஓடும்போது எழும் அந்தப் புகை மூட்டத்துக்குள் ஒருமுறை புகுந்து வந்தால் கழுத்தெல்லாம் அரிக்கும். அதே சுணைதான் காற்று வடிகட்டியின் மடிப்புகளிலும் போய்ப் படிகிறது. என் வண்டியில் இருப்பது காகித வடிகட்டி என்பதால் அதைத் தண்ணீரில் நனைக்கக்கூடாது. வாரம் ஒருமுறை கழற்றி, தரையில் மெதுவாகத் தட்டி, உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகக் காற்றை அடித்துச் சுத்தம் செய்கிறேன். வெளியிலிருந்து அடித்தால் தூசி மடிப்புக்குள் இன்னும் ஆழமாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். மாசி முடிந்ததும் அது எத்தனை கிலோமீட்டர் ஓடியிருந்தாலும் தூக்கி எறிந்துவிட்டுப் புதியது போடுகிறேன். மெக்கானிக் இதை வீண்செலவு என்கிறார். இந்த ஒன்றில் மட்டும் அவரோடு எனக்கு உடன்பாடில்லை.

அறுவடை முடிந்த வயலில் இரை குறைந்தவுடன் எலிகள் வீட்டுப் பக்கம் வரும். ஒரு பங்குனியில் நான்கு நாட்கள் ஓட்டாமல் நின்ற வண்டியின் சீட்டுக்கு அடியில் வைக்கோலால் கூடு கட்டி, பின்விளக்குக்குப் போகும் ஒயரையும் கடித்து வைத்திருந்தன. அன்று முதல், ஓட்டும் தேவை இல்லாவிட்டாலும் இரண்டு நாளுக்கு ஒருமுறை சீட்டைக் கழற்றிப் பார்க்கிறேன்.

கழுவுவதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் செய்த பெரிய தவறு அதில்தான். நடவுக்காலத்தில் டிராக்டரின் கேஜ் வீல் என்னும் இரும்புக் கூண்டுச் சக்கரமும், அறுவடைக் காலத்தில் பெல்ட் வண்டி என்னும் அறுவடை இயந்திரமும் சாலையில் விட்டுச்செல்லும் களிமண் டெல்டாவுக்கே உரியது. ஈரமாக இருக்கும்போது வெண்ணெய் போல வழுக்கும், காய்ந்தால் செங்கல்லாகிவிடும். அதைப் போக்குவதற்காக வாரம் தவறாமல் வாட்டர் சர்வீஸ் கடையில் விட்டு, அழுத்தமான தண்ணீரை எல்லா மூலைகளிலும் அடிக்கச் சொல்லி வந்தேன். மூன்றாம் ஆண்டில் ஹேண்டில்பார் நேர்நிலையில் ஒரு பள்ளத்தில் விழுவது போலத் தட்டி நிற்க ஆரம்பித்தது. மெக்கானிக், ஹேண்டில்பார் திரும்புவதற்கான பேரிங்கான கோன்செட்டைக் கழற்றி, துரு பூத்த குண்டுகளை உள்ளங்கையில் கொட்டிக் காட்டி, “சார், இது ஓட்டித் தேஞ்சது இல்ல, கழுவித் தேஞ்சது” என்றார். கிரீஸ் முழுவதையும் அந்தத் தண்ணீர் அடித்துக்கொண்டு போயிருந்தது. இப்போது வீட்டுக் குழாயிலிருந்து சாதாரண வேகத்தில் தண்ணீர் விட்டு, மண்ணைக் கால் மணி நேரம் ஊறவைத்து, தேங்காய் நாரால் தேய்த்து எடுக்கிறேன். ஆயில் கூலரின் மெல்லிய தகடுகளுக்கு இடையில் இருக்கும் மண்ணுக்கு மட்டும் பழைய பல்துலக்கும் பிரஷ். அந்தத் தகடுகள் வளைந்துவிட்டால் காற்று ஊடே போகாது.

செயின் வேலையை நான் வேறு யாரிடமும் விடுவதில்லை. இப்போது மாடு இல்லாமல் வெறுமையாகக் கிடக்கும் கொட்டகையில், சென்டர் ஸ்டாண்டுக்கு அடியில் ஒரு பலகை போட்டு (மண் தரையில் அது இறங்கிவிடும்) வண்டியை நிறுத்திக்கொண்டால் வேலை சுலபம். செயினின் இணைப்புகளுக்குள் கிரீஸை அடைத்து வைத்திருக்கும் சிறு ரப்பர் வளையங்கள் இருப்பதால், பெட்ரோல் ஊற்றியோ கம்பி பிரஷ் போட்டோ தேய்க்கக்கூடாது. மண்ணெண்ணெய் கிடைத்தால் போதும். அது எளிதில் கிடைக்காமல் போனதால் இப்போது செயின் கிளீனர் ஸ்பிரே வாங்குகிறேன். துணியால் ஈரம் போகத் துடைத்து, 90 எண் கியர் ஆயிலைச் செயினின் உள்பக்கத்தில் சொட்டுச் சொட்டாக விட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றி, இரவு முழுவதும் அப்படியே விட்டு, காலையில் மிகுதியைத் துடைத்துவிட வேண்டும். மிகுதியைத் துடைக்காமல் விட்டால், எங்கள் ஊர்ச் சாலையில் பத்தே கிலோமீட்டரில் அந்த எண்ணெய் மண்ணோடு சேர்ந்து அரைக்கும் பசையாக மாறிவிடும். என்ஜினை ஓடவிட்டு, கியரில் போட்டுச் செயினைத் துடைப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். துணி சிக்கினால் விரலும் அதோடு போகும் என்பதால் அந்தப் பக்கம் நான் நிற்பதுகூட இல்லை.

தளர்ச்சியைப் பார்ப்பதிலும் ஒரு தவறு செய்தேன். இறுக்கமான செயினே நல்ல செயின் என்ற எண்ணத்தில் முதல் செயின் செட்டை வீணை நரம்பு போல முறுக்கி வைத்திருந்தேன். பின்னால் ஆள் ஏறி, பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் மேலும் கீழும் அசையும்போது செயின் இன்னும் இறுகும் என்பதும், அந்த இழுவை முழுவதும் கியர்பாக்ஸின் பேரிங் மேல் விழும் என்பதும் எனக்குத் தெரியவில்லை. அந்த செட் 17,000 கிலோமீட்டரில் முடிந்தது. அடுத்ததில், சக்கரத்தைச் சுற்றிச் செயின் எங்கே அதிகம் இறுகியிருக்கிறதோ அந்த இடத்தில் கையேட்டின் அளவுக்கு வைத்தேன். 24,000 வரை வந்தது. பின்ஸ்பிராக்கெட் என்னும் பல்சக்கரத்தின் பின்புறத்தில் செயினைப் பிடித்து இழுத்தால் பல் பாதிக்கு மேல் வெளியே தெரிகிறது என்றால், செயினையும் இரண்டு ஸ்பிராக்கெட்டுகளையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

கோடையில் பெரிதாக வேலை இல்லை. ஜூன் 12-இல் மேட்டூர் திறப்பதற்கு முன் தூர்வாரும் மண்ணை ஏற்றிக்கொண்டு டிப்பர் லாரிகள் ஆற்றங்கரைச் சாலைகளில் ஓடும் வாரங்களில் மட்டும், வடிகட்டியையும் ஆயில் கூலரையும் ஒருமுறை கூடுதலாகப் பார்க்கிறேன்.

ஐப்பசி மழைக்கு முன் செய்ய வேண்டியவை வேறு. பெட்ரோல் மூடியைச் சுற்றியுள்ள பள்ளத்தில் தேங்கும் மழைநீர் வடிவதற்குச் சிறு துளை ஒன்று இருக்கிறது. தையின் தூசி அதை அடைத்திருந்தால், மூடியைத் திறக்கும்போது அந்தத் தண்ணீர் டேங்குக்குள் இறங்கும். 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் ஓரளவு தண்ணீரைத் தனக்குள் இழுத்துக்கொள்ளும், அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கிவிடும். ஒரு மெல்லிய கம்பியால் துளையைக் குத்திவிட ஒரு நிமிடம்கூட ஆகாது. பிரேக் ஆயிலும் ஈரத்தை இழுக்கும் குணமுள்ளது, ஆகவே இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மழைக்கு முன்பே மாற்றிவிடுகிறேன். கேஜ் வீல் கொத்திய தார்ச்சாலையின் அதிர்வில் நட்டுகள் தளர்வதால், ஸ்பேனரோடு வண்டியை ஒரு சுற்று வருகிறேன். ஆரக்கம்பிகளை அந்த ஸ்பேனராலேயே தட்டிப் பார்ப்பேன். சந்தையில் பானையைத் தட்டி வாங்குவது போலத்தான், கணீரென்று கேட்டால் சரி, மந்தமாகக் கேட்டால் அந்தக் கம்பி தளர்ந்திருக்கிறது.

ஆற்றங்கரைச் சீமைக்கருவேல முள் ஆண்டு முழுவதும் உண்டு. முன்சக்கரம் 21 அங்குலம் என்பதால் அந்த டியூப் ஊர்ப்புறப் பஞ்சர் கடைகளில் கிடைப்பதில்லை. ஒன்றை எப்போதும் பெட்டியில் வைத்திருக்கிறேன். அவசரத்துக்கு அதைப் பின்சக்கரத்திலும் மடித்துப் போட்டு, நிதானமாக வீடு வந்து சேரலாம்.

திருத்துறைப்பூண்டி வழியாக வேதாரண்யம் உப்பளங்களைக் கடந்து கோடியக்கரைக்குப் போய்வருவது எனக்குப் பிடித்த ஞாயிற்றுக்கிழமைப் பயணம். ஒரே நாளில் போய்வரும் தூரம்தான் என்றாலும், திரும்பிய அன்று இரவே நல்ல தண்ணீரில் ஆரக்கம்பிகளையும் டிஸ்க் போல்ட்டுகளையும் அலசாமல் படுக்கப் போவதில்லை. ஒருமுறை காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். விடிந்ததும் செயின் காவியில் முக்கியெடுத்தது போலச் சிவந்திருந்தது.

கார்த்திகை முடியப்போகிறது, சம்பா கதிர் விடத் தொடங்கிவிட்டது. புதிய காற்று வடிகட்டியும் முன்சக்கரத்துக்கு இரண்டு ஆயில் சீல்களும் வாங்கிவிட்டேன். எலி எட்டாத இடம் இந்த வீட்டில் தாத்தா காலத்துப் பத்தாயம் ஒன்றுதான் என்பதால், அவற்றை ஒரு துணிப்பையில் சுற்றி அதற்குள் விதைநெல் மூட்டைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.