வல்லூறா, அக்காக்குயிலா?

கிருஷ்ணகிரிப் பக்கம் மாந்தோப்பை ஒட்டிய வீடென்றால் கொல்லைக்கு வல்லூறு வரும். அதே சாம்பல் முதுகும் பட்டை வாலுமாக அக்காக்குயிலும் வரும். நிறத்தை நம்பாதீர்கள், அலகைப் பாருங்கள். வல்லூறுக்குக் குட்டையாக, கொக்கிபோல் வளைந்திருக்கும். குயிலுக்கு ஏறக்குறைய நேராக இருக்கும், கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம். கால் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம்: வல்லூறுக்கு மூன்று விரல் முன்னே, ஒன்று பின்னே, கூர்நகங்களோடு. குயிலுக்கு இரண்டு முன்னே, இரண்டு பின்னே.

உண்மையில் சிக்கல் இளம் பறவைகளில்தான். இரண்டுக்குமே முதுகு பழுப்பு, நெஞ்சில் பழுப்புத் தீற்றல்கள். அங்கேயும் அலகுதான் கைகொடுக்கும். தொண்டை நடுவே கோடு தடிப்பாக இருந்தால் அது வல்லூறைப் போன்ற இன்னொரு வேட்டைப் பறவையான பெஸ்ராவாக இருக்கலாம். ஆனால் அது காட்டுப் பறவை. வல்லூறுக்கு அந்தக் கோடு மெல்லியது.

குரலை மட்டும் வைத்து வல்லூறு என்று பதிவு செய்யாதீர்கள். கரிச்சான் வல்லூறைப் போலவே கத்தும்.