கழுத்தை மட்டும் திருப்பினான்

வெள்ளவத்தைக் கடற்கரையில் பாணந்துறைப் பக்கம் ரயில் போனது. அக்காவின் மகன் கழுத்தை மட்டும் திருப்பிக் கடைசிப் பெட்டி வரை பார்த்தான்.

போன மாதம் இதே இடத்தில் முழு உடம்பையும் திருப்பினான்.

ஒன்பது வயது. ஒரு காலை எழும்பியபோது தலை ஒரு பக்கம் சரிந்திருந்தது. "தலையணை மாறிப் படுத்திருப்பான்" என்று அம்மம்மா எண்ணெய் தேய்த்தார். குறையவில்லை.

எக்ஸ்ரேயில் கழுத்தெலும்புகளுக்கு நடுவே, மெத்தை மாதிரி இருக்கும் வட்டுக்குள், சுண்ணாம்பு தொட்டு வைத்ததுபோல ஒரு வெள்ளைப் பொட்டு. கல்சியம் படிந்திருக்கிறதாம்.

"பால் கூடக் குடுத்திட்டேனோ டொக்டர்?" அக்கா அழுதேவிட்டாள்.

பாலால் வருவதில்லை. அரிதான சங்கதி, ஆனால் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் தானாகவே கரைந்துவிடும். வலி சில வாரங்களில் அடங்கும், பொட்டு மறைய மாதக்கணக்காகும். ஓய்வு, வலிமருந்து, மெத்தென்ற கழுத்துப்பட்டி, அவ்வளவுதான். நரம்பு நசிந்து கைகால் பலவீனமாகிக்கொண்டே போனால்தான் ஒப்பரேஷன் பற்றி யோசிப்பார்கள்.

அக்கா நம்பவில்லை. இன்னொரு டொக்டரிடமும் போனோம். அவரும் அதையேதான் சொன்னார், பீஸ் மட்டும் வேறு.

இப்போது வலி இல்லை. ஆனால் பட்டியைக் கழற்ற இவனுக்கு மனமில்லை. அது இருக்கும்வரை ஸ்கூலில் இவன் பையை மற்றப் பிள்ளைகள்தான் தூக்குவார்களாம்.