கிசில் ஆர்ட் கணவாயும் ஓர் எண் பிசகும்

2019 ஆகஸ்டில் ஓஷ் நகரில் ஒரு மோட்டார் சைக்கிளை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, பாமிர் நெடுஞ்சாலை வழியாக கிர்கிஸ்தானிலிருந்து தஜிகிஸ்தானுக்குள் போனேன். மலைப்பாதையை நினைத்துத்தான் பயந்துகொண்டிருந்தேன். கடைசியில் என்னைக் கலங்கடித்தது ஒரு தாள்.

சாரி-தாஷ் கிராமத்தில் பெட்ரோல் டாங்கை நிரப்பியதோடு, இரண்டு ஐந்து லிட்டர் கேன்களையும் கட்டிக்கொண்டேன். அடுத்த பெரிய ஊரான முர்காப் 200 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. சாரி-தாஷிலிருந்து கிர்கிஸ் எல்லைச் சாவடியான போர்-தோபோ வரை சிரமமில்லை. பாஸ்போர்ட்டில் வெளியேறும் முத்திரை விழுந்தது. என் கிர்கிஸ் விசா ஒருமுறை மட்டும் நுழைவதற்கானது என்பது தடுப்புக் கட்டை எனக்குப் பின்னால் இறங்கியபோதுதான் உறைத்தது. இனி முன்னால் விடாவிட்டால் பின்னாலும் போக முடியாது.

அங்கிருந்து தஜிக் சாவடி வரை, கிசில் ஆர்ட் கணவாய் வழியாக, ஏறத்தாழ 20 கிலோமீட்டர். அந்தப் பாதையை எந்த நாடும் தன் பொறுப்பாக நினைப்பதாகத் தெரியவில்லை. தார் கிடையாது. கிசில் என்றால் சிவப்பு. முந்தைய இரவு பெய்த மழையில் அந்தச் செம்மண் சோப்பாகியிருந்தது. ஒரு வளைவில் முன்சக்கரம் தனக்குத் தோன்றிய பக்கம் போனது, நான் வேறு பக்கம் போனேன். அடி ஒன்றும் பெரிதில்லை. ஆனால் அந்த உயரத்தில் கிடக்கும் வண்டியைத் தூக்கி நிறுத்துவது லேசில்லை. சுமையை அவிழ்த்து, தூக்கி, மறுபடி கட்டி முடிப்பதற்குள் நான்கு முறை உட்கார்ந்துவிட்டேன். கணவாயின் உச்சியான 4,280 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் மூன்று பங்குதான். எனக்கு மூச்சு வாங்கியதைப் போலவே கார்புரேட்டருக்கும் வாங்கியது. முதல் கியரில் கரும்புகை விட்டுக்கொண்டே ஏறினோம். உச்சியில் தூண் மேல் நிற்கும் மலையாட்டுச் சிலையின் அடியில் ஒரு படம் எடுத்தேன். கை நடுக்கத்தில் அதுவும் சரியாக வரவில்லை.

தஜிக் சாவடி சற்றுக் கீழே, சில கொட்டகைகளாக இருக்கிறது. விசாத் தாளும் கோர்னோ-பதக்ஷான் பகுதிக்கான தனி அனுமதியும் பிரச்சினை இல்லாமல் கடந்தன. சுங்க அதிகாரி வாடகைக்கடை கொடுத்த ‘தவெரென்னஸ்த்’ தாளைக் கேட்டார். வண்டியை வேறு நாட்டுக்குக் கொண்டுபோக உரிமையாளர் தரும் அதிகாரக் கடிதத்துக்கு அங்கே அதுதான் பெயர். நோட்டரி முத்திரையெல்லாம் இருந்தது. அவர் அதையும் பதிவு அட்டையையும் அருகருகே வைத்து, எண் எண்ணாக விரலை நகர்த்தினார். விரல் நின்றது. சேசிஸ் எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்கள் கடிதத்தில் இடம் மாறியிருந்தன. கடைக்காரர் கையில் கொடுத்தபோது நான் முத்திரையைத்தான் பார்த்தேன், எண்ணைப் பார்க்கவில்லை.

எனக்கு ரஷ்ய மொழியில் தெரிந்தது பத்துச் சொற்கள். அவற்றில் ஒன்றுகூட உதவுவதாக இல்லை. மன்னிப்புக் கேட்கும் சொல்லை மட்டும் மூன்று முறை சொன்னேன். அவர் தாள்களை எடுத்துக்கொண்டு வெளியே போனார். நான் பின்னாலேயே ஓடினேன். வண்டியின் முன் குந்தி உட்கார்ந்து, ஹாண்டில்பாருக்குக் கீழே அப்பியிருந்த செம்மண்ணைக் கட்டைவிரலால் வழித்தார். மண்ணுக்கு அடியிலிருந்து எண் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. அட்டையோடு ஒப்பிட்டார், பொருந்தியது. கடிதத்தை என்னிடம் நீட்டி, தவறான இலக்கங்களின் மேல் நகத்தால் ஒரு தட்டுத் தட்டினார். பிறகு உள்ளே போய், அட்டையில் உள்ளபடியே நுழைவுத் தாளை எழுதி முடித்தார்.

இந்த எல்லையை வாடகை வண்டியில் கடக்க நினைப்பவர்கள், கடை வாசலிலேயே மண்ணைத் துடைத்து எண்ணைப் படித்துப் பாருங்கள். எனக்கு இதில் ஒரு மணி நேரம் போயிற்று. கராகுல் ஏரிக்கரையில் தங்கிய வீட்டில் கைக்கடிகாரத்தைத் தஜிக் நேரத்துக்கு ஒரு மணி பின்னால் திருப்பிவைத்தேன். கணக்கு நேராகிவிட்டது.