இடது சேனல்

அக்டோபர் 9, வியாழன்

நான் கட்டும் புது ஆம்புக்கு டிரான்ஸ்ஃபார்மர் வந்துவிட்டது. 40-0-40, 500 விஏ, டொராய்டு, அதாவது வளைய வடிவம். வாசலில் கையில் வாங்கும்போதே தோள் இறங்கியது. சுற்றிக்கொடுத்த பெரியவர் மேல் டேப்பைக்கூட ஓரம் பிசகாமல் சுற்றியிருக்கிறார். லோடு இல்லாமல் போட்டுப் பார்த்தேன். இரண்டு பக்கமும் 41.2. புள்ளிக்குப் பிறகும் ஒத்துப்போனதைப் பார்த்து மனசு நிறைந்துவிட்டது. கொஞ்ச நேரம் மீட்டரை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தேன்.

கேட்பது குறைந்துபோன இடது காது அப்படியேதான் இருக்கிறது.

அக்டோபர் 10, வெள்ளி

காது டெஸ்ட். இடது காதில் இழப்பு: 250 ஹெர்ட்ஸில் 55 டெசிபெல். 500ல் 50. 1000ல் 40. அதற்கு மேலே இரண்டு காதும் கிட்டத்தட்ட ஒன்று.

அந்தக் காகிதத்தை மடிக்க மனம் வரவில்லை. ஸ்பீக்கர்களுக்கு இப்படி எத்தனை கோடு வரைந்திருப்பேன்! பேஸ் பக்கம் இப்படிச் சரிந்து கிடந்தால் பெட்டியில் எங்கேயோ காற்று கசிகிறது என்று சொல்லியிருப்பேன். டாக்டர் சுருதிக்கவையைத் தட்டி நெற்றி நடுவில் வைத்தார். 512 ஹெர்ட்ஸ். “எந்தப் பக்கம் கேக்குது?” வலது பக்கம். அவர் தலையசைத்து எழுதிக்கொண்டார். நரம்புப் பக்கம்தான் பிரச்சினை என்று அந்த ஒரு தட்டிலேயே தெரிந்துவிடுமாம்.

50 டெசிபெல் என்றால் பவரில் ஒரு லட்சம் மடங்கு. பஸ் வீடு வரும்வரை அந்தக் கணக்கே ஓடிக்கொண்டிருந்தது.

அக்டோபர் 12, ஞாயிறு

மச்சினன் வந்திருந்தான். பெஞ்சில் கிடந்த ஹீட்சிங்கைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “பதினாலு அடி ஹாலுக்கு நூத்தம்பது வாட் எதுக்கு மாமா? கல்யாண மண்டபமா இது?” என்றான்.

எல்லோரும் கேட்பதுதான். அவனுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதி வைக்கிறேன். என் ஸ்பீக்கருக்கு ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தள்ளி 87 டெசிபெல் வரும். வீட்டில் பேச்சுக்கு இடைஞ்சல் இல்லாமல் கேட்பதற்குப் பத்தில் ஒரு வாட் போதும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் சங்கீதம் ஒரே மட்டத்தில் நிற்பதில்லை. ஆலாபனை மெல்லப் போய்க்கொண்டிருக்கும், திடீரென்று மிருதங்கத்தில் ஒரு சாப்பு விழும். நல்ல ரெக்கார்டிங்காக இருந்தால் அந்தக் கணம் சராசரியைவிட 20 டெசிபெல் மேலே ஏறும். 10 டெசிபெல்லுக்குப் பவர் பத்து மடங்கு, 20க்கு நூறு மடங்கு. பத்தில் ஒரு வாட் அந்தக் கணத்தில் பத்து வாட்டாக வேண்டும். கொஞ்சம் உரக்க வைத்து ஒரு வாட்டில் கேட்கிறோம் என்றால் நூறு வாட். கண் இமைக்கும் நேரம்கூட அது நீடிக்காது. அந்த நூறு கையில் இல்லாத ஆம்ப் அலையின் தலையைச் சீவிவிடும். சத்தம் குறைந்த மாதிரித் தெரியாது. தோல் வாத்தியம் தகர டப்பா ஆகிவிடும், அவ்வளவுதான்.

வாட்டைப் பற்றிய இன்னொரு உண்மையையும் மறைக்கக் கூடாது. 50ஐ 100 ஆக்கினால் கிடைப்பது 3 டெசிபெல். 50ஐ 150 ஆக்கினாலும் 5 டெசிபெல் முழுசாக வராது. இரண்டு மடங்கு உரக்கக் கேட்க வேண்டுமானால் சுமார் பத்து மடங்கு பவர் வேண்டும். அதனால்தான் அட்டைப்பெட்டியில் ஒட்டும் அந்த பிஎம்பிஓ எண்கள்மேல் எனக்கு அவ்வளவு கோபம். எந்த வரையறையும் இல்லாத எண் அது. அமெரிக்காவில் 1974லேயே சட்டம் போட்டுவிட்டார்கள்: எத்தனை ஓம், எந்த அலைவரிசை, எவ்வளவு டிஸ்டார்ஷன் என்று சொல்லித்தான் வாட்டைச் சொல்ல வேண்டும். இங்கே கைக்கடக்கமான பெட்டியில் ஆயிரம் வாட் என்று அச்சடித்து விற்றார்கள். நம் அப்பாக்கள் நம்பி வாங்கினார்கள்.

மச்சினன் டீயைக் குடித்துவிட்டு, “காது எப்படி மாமா இருக்கு?” என்றான். அவன் என் இடது பக்கம் உட்கார்ந்திருந்தான். எழுந்து மறுபக்கம் வந்து மறுபடி கேட்டான்.

அக்டோபர் 13, திங்கள்

தூக்கம் இல்லை. மாத்திரைதான் காரணம் என்கிறார்கள். சுகரும் ஏறியிருக்கிறது.

அக்டோபர் 15, புதன்

ரிச்சி தெருவில் வாங்கிய 5200, 1943 டிரான்சிஸ்டர் ஜோடிகளை இன்று சோதித்தேன். மேலே டோஷிபா என்று அச்சு இருக்கிறது, கால்கள் பளபளக்கின்றன, எல்லாம் சரி. ஆனால் பேஸ்-எமிட்டர் கெபாசிடன்ஸ் பழைய நல்ல டிரான்சிஸ்டரில் பாதிகூட இல்லை. ஒன்றை வைஸில் கடிக்கவிட்டு மேல் பிளாஸ்டிக்கை உடைத்தேன். உள்ளே சிலிகான் ஒரு துணுக்கு! அசலில் சுண்டுவிரல் நகத்தில் பாதி அளவுக்கு இருக்கும். இது மிளகு அளவு. 15 ஆம்பியர் தாங்கும் என்று மேலே எழுதிய பண்டத்துக்குள் இது.

சின்ன வால்யூமில் இது ஓடும், அதுதான் ஆபத்து. ஒரு நாள் உரக்கப் போடுவோம், உள்ளே ஷார்ட் ஆகும், 55 வோல்ட் டிசி நேராக ஸ்பீக்கர் காயிலுக்குள் போகும். ஒரு நல்ல வூஃபர் போய்ச் சேர ஒன்றிரண்டு விநாடி போதும்.

கடைக்காரர் வாதாடாமல் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். “எங்களுக்கே அப்படித்தான் சார் வருது” என்றார். அந்தத் தெருவின் இரைச்சலில் அவர் சொன்னதை உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன். வேறு இடத்தில், ரசீதோடு, கூடுதல் விலையில் வாங்கினேன். வாசலிலேயே நின்று மீட்டர் வைத்துப் பார்த்தேன். அசல்.

அக்டோபர் 18, சனி

இடது சேனல் உயிர் பெற்றது.

100 வாட் குண்டு பல்பை சீரிஸில் போட்டேன். சுவிட்சைத் தட்டியதும் பல்பு பளிச்சென்று எரிந்தது. கெபாசிட்டர்கள் நிரம்ப நிரம்ப மங்கியது. இழை மட்டும் செம்மண் நிறத்தில் தெரிந்தது, பிறகு அதுவும் அடங்கியது. எரிந்துகொண்டே இருந்திருந்தால் எங்கேயோ ஷார்ட் என்று அர்த்தம். எத்தனை ஆம்ப் போட்டாலும் அந்த சில விநாடி மூச்சு நிற்கத்தான் செய்கிறது.

அவுட்புட்டில் டிசி 8 மில்லிவோல்ட். மிக நல்லது. பிறகு பயஸ், அதாவது பாட்டு இல்லாதபோதும் டிரான்சிஸ்டர்களில் ஓட வேண்டிய கரண்ட். எமிட்டர் ரெசிஸ்டர் 0.22 ஓம், அதன் குறுக்கே 22 மில்லிவோல்ட் வரும்படி டிரிம்மரைத் திருகினேன். ஒரு ஜோடிக்கு 100 மில்லி ஆம்பியர், மூன்று ஜோடி. பாட்டே போடாமல் சும்மா இருக்கும்போதே 33 வாட் சூடாகிப் போகிறது. போகட்டும். இதைக் குறைத்தால் அலை மேலிருந்து கீழே பூஜ்யத்தைக் கடக்கும் இடத்தில் ஒரு நொண்டல் வரும். பெரிய சத்தத்தில் அது மறைந்துவிடும், மெல்லிய சத்தத்தில் தலை காட்டும். தம்புராவின் ஜீவா, அந்த ரீங்காரம், அங்கேதான் இருக்கிறது. பெரிய ஆம்பின் யோக்கியதையை நான் எப்போதும் சின்ன சத்தத்தில்தான் பார்ப்பேன். ஆம்ப் வடிவமைப்பாளர் நெல்சன் பாஸ் தன் சின்ன கம்பெனிக்கு ஃபர்ஸ்ட் வாட் என்று பெயர் வைத்தது இதனால்தான். முதல் வாட் சரியில்லை என்றால் மீதி வாட்டை வைத்து என்ன செய்வது?

கெபாசிட்டர் 63 வோல்ட் போதும் என்று எல்லோரும் சொன்னார்கள். நான் 80 போட்டிருக்கிறேன். எங்கள் தெருவில் மெயின்ஸ் வோல்டேஜ் நடுராத்திரி 250 வரை ஏறுகிறது.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. ஜன்னல் எல்லாம் சாத்தி, காதில் பஞ்சு, அதற்கு மேல் மஃப்.

சட்டம் பட்டாசுக்கு 4 மீட்டரில் 125 டெசிபெல்வரை அனுமதிக்கிறது. என் ஸ்பீக்கரால் அதைக் கொடுக்க எத்தனை வாட் வேண்டும் என்று கணக்குப் போட்டேன். ஒரு லட்சம். மறுபடியும் அந்த லட்சம்.

வாசலில் குழந்தைகள் சிரிப்பது வலது பக்கம் மட்டும் கேட்டது.

அக்டோபர் 21, செவ்வாய்

ஸ்பூன் கீழே விழுந்தது. இடது காதில் கத்தி குத்தியது போல. மெல்லியது கேட்கவில்லை, உரத்தது தாங்கவில்லை. நடுவில் இருந்த இடமெல்லாம் எங்கே போயிற்று?

அக்டோபர் 24, வெள்ளி

ஹம்.

நேற்று ராத்திரி முழுக்க அதோடுதான். புது ஆம்பில் ஸ்பீக்கரை மாட்டினேன், இன்புட்டை ஷார்ட் செய்தேன், வால்யூம் இல்லை. கேட்கிறது. கீழ் ஸ்தாயியில், அடித்தொண்டையில் முனகுவது போல. 100 ஹெர்ட்ஸ் என்றால் ரெக்டிஃபையர் பக்கம், கெபாசிட்டர் போதவில்லை அல்லது சார்ஜ் ஆகும் கரண்ட் தரை ஒயரில் கலக்கிறது. 50 என்றால் எர்த் லூப், இல்லையென்றால் டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலம் இன்புட் ஒயரில் ஏறுகிறது. டொராய்டைத் திருப்பித் திருப்பி வைத்தேன். தரை ஒயர்களை எல்லாம் இரண்டு கெபாசிட்டருக்கும் நடுவே ஒரே புள்ளிக்குக் கொண்டுவந்தேன். இன்புட் ஒயரை முறுக்கி ஓரமாகக் கொண்டுபோனேன். அப்படியேதான் கேட்டது.

பிறகு மீட்டரை வைத்தேன். ஸ்பீக்கர் முனையில் 0.3 மில்லிவோல்ட். 2.83 வோல்டுக்கு 87 டெசிபெல் தரும் ஸ்பீக்கர், இதற்கு 8 டெசிபெல்கூடத் தராது. 50 ஹெர்ட்ஸில் நல்ல காதுக்கே 44 டெசிபெல்லாவது வந்தால்தான் கேட்க ஆரம்பிக்கும்.

மகளைக் கூப்பிட்டேன். ஸ்பீக்கர்மேல் காதை ஒட்டி வைத்துக் கேட்டாள். “ஒண்ணுமே இல்லப்பா. சுத்தமா இருக்கு.”

பிளக்கைப் பிடுங்கினேன். அது நிற்கவில்லை.

அக்டோபர் 25, சனி

ஆம்ப் சுத்தம். அதை எழுதி வைக்க வேண்டும். ஆம்ப் சுத்தம்.

அக்டோபர் 27, திங்கள்

ஸ்ருதிப் பெட்டியை ஒரு கட்டையில் வைத்து ஒவ்வொரு காதாக மூடிக் கேட்டேன். வலது காதில் ஒரு கட்டை. இடது காதில் கொஞ்சம் ஏறி, கரகரப்பாக. ஒரே ஸட்ஜம் இரண்டு இடத்தில் நிற்கிறது. இரண்டு காதையும் திறந்தால் வயிற்றைப் பிசைகிறது. இப்படி வருவதுண்டு, பெரும்பாலும் காது தேறும்போது இதுவும் தணியும் என்றார் டாக்டர்.

மனைவி சமையலறையிலிருந்து வந்து பெட்டியை அணைத்தாள். “போதும்ங்க. ஏன் உங்களையே இப்படிப் பரீட்சை பண்ணிக்கிறீங்க?”

நவம்பர் 2, ஞாயிறு

பழைய ஆம்பின் பேலன்ஸ் குமிழோடு காலை முழுக்க. நேராக வைத்தால் பாடகர் வலது ஸ்பீக்கரின் மூக்கில் உட்கார்ந்திருக்கிறார். இடது பக்கம் திருகினால் நடுவுக்கு வருகிறார். வந்தவுடன் வயலின் இடது பக்கம் சிதறி ஓடுகிறது. எனக்குக் குறைந்தது கீழே மட்டும், குமிழ் ஏற்றுவது எல்லாவற்றையும்.

பெல் லேப்ஸில் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933ல் வரைந்த வளைகோடுகள் நினைவுக்கு வந்தன. சத்தம் குறையக் குறைய மனிதக் காது பேஸைத்தான் முதலில் கைவிடுகிறது. பழைய ஜப்பான் ஆம்ப்களில் லவுட்னெஸ் என்று ஒரு பட்டன் இருக்குமே, அது இந்த இழப்பை ஈடுகட்ட வைத்தது. என் இடது காது இப்போது யாரோ வால்யூமைக் குறைத்துவைத்த ராத்திரியிலேயே இருக்கிறது. தொப்பியின், அதாவது மிருதங்கத்தின் இடது முகத்தின், கும்காரம் எனக்கு வலது பக்கத்தில் இருந்துதான் வருகிறது. மிருதங்கத்தில் நான் உயிரை விடுவதே அந்தக் கும்காரத்துக்காக.

எம்ஆர்ஐ சரியாக இருக்கிறது. கட்டி எதுவும் இல்லை. அவள் கோவிலுக்குப் போயிருக்கிறாள்.

நவம்பர் 5, புதன்

250ல் 40. 500ல் 35. 1000ல் 25.

15 டெசிபெல் திரும்பியிருக்கிறது! பவரில் முப்பது மடங்கு! டாக்டர் அளந்துதான் பேசினார். இன்னும் ஏறலாம், இதோடு நிற்கவும் நிற்கலாம். எனக்கு அந்த அறையிலேயே கத்த வேண்டும் போலிருந்தது. வெளியே ஆட்டோக்காரர் இடது பக்கத்திலிருந்து “எங்க சார் போணும்?” என்றார். நான் அந்தப் பக்கம்தான் திரும்பினேன்.

நவம்பர் 9, ஞாயிறு

மகள் சுவிட்ச் போட, நான் பார்க்காமல் எழுத, பழைய 25 வாட் எஸ்டிகே ஆம்பும் புது ஆம்பும். ஒரு ஸ்பீக்கர், ஒரு சேனல். முதலில் 1000 ஹெர்ட்ஸ் டோன் போட்டு ஸ்பீக்கர் முனையில் இரண்டும் ஒரே வோல்டேஜ் தரும்படி வைத்தேன். ஒரு சதவீதத்துக்குமேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. அதிகமாகச் சத்தம் தருவது எதுவானாலும் காது அதைத்தான் நல்ல ஆம்ப் என்று சொல்லும். 1987ல் ஸ்டீரியோ ரிவ்யூ இதழ் இப்படி அளவு பொருத்தி, கண்ணை மறைத்துச் சோதித்தபோது, விலையில் மலைக்கும் மடுவுக்குமாக இருந்த ஆம்ப்களைக் கேட்டவர்களால் நம்பிக்கையாகப் பிரித்துச் சொல்ல முடியவில்லை. பலருக்கு அதில் கோபம் இன்னும் தீரவில்லை. எனக்கு அந்தச் சோதனையின்மேல் மரியாதை உண்டு. ஆம்ப் தன் எல்லைக்குள் இருக்கும்வரை அது உண்மை.

இன்றும் அப்படியே. மெல்ல வைத்தபோது என் விடைகள் பூவா தலையா. உரக்க வைத்து தனி ஆவர்த்தனம் போட்டதும் ஒவ்வொரு முறையும் சொல்லிவிட்டேன். 25 வாட்டில் சாப்பு விழும் இடத்தில் ஓரம் உடைகிறது, கூடவே தம்புராவும் ஒரு கணம் அமுங்கி எழுகிறது. புது ஆம்பில் அடி விழுகிறது, அடங்குகிறது, தம்புரா தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. இதற்குத்தான் 150 வாட். மச்சினனை வரச் சொல்ல வேண்டும்.

கேட்டது வலது காது மட்டும். இடது காதில் பஞ்சு. மனைவி வைத்த நிபந்தனை.

நவம்பர் 11, செவ்வாய்

ஹம் இன்று காலை இல்லை. பத்து மணிக்கு வந்துவிட்டது.

நவம்பர் 13, வியாழன்

வலது சேனல் போர்டை ஏற்றினேன். பல்பு மங்கியது, டிசி 11 மில்லிவோல்ட், எல்லாம் ஒழுங்கு. ஆனால் பயஸ் 14லேயே நிற்கிறது, டிரிம்மரைக் கடைசிவரை திருகினாலும் ஏறவில்லை. ஹீட்சிங்கில் உட்கார்ந்திருக்கும் பிடி139 டிரான்சிஸ்டரைச் சந்தேகப்படுகிறேன். இல்லை, டிரிம்மரே வேறு மதிப்பாக இருக்கலாம். கழற்றி அளந்துவிட்டு