அப்பாவின் புல்லட்டும் தேய்ந்த கார்புரேட்டரும்

அப்பாவின் புல்லட்டில், பெட்ரோலையும் காற்றையும் கலந்து என்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டர் தேய்ந்துவிட்டது. அதற்கு நானே ரிப்பேர் கிட் வாங்கிப் போடுவதா, கோவையில் கைதேர்ந்த ஒருவரிடம் கொடுப்பதா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். முடிவெடுத்துவிட்டேன், கொடுக்கத்தான் போகிறேன்.

பெட்ரோல் வரும் சின்னத் துளையான ஜெட்டில் அடைப்பு மட்டும் என்றால் கழற்றிக் கழுவி, காற்றடித்து, வீட்டிலேயே சரிசெய்துவிடலாம். ஆனால் ஆக்சிலேட்டரைத் திருகும்போது மேலும் கீழும் நகர்ந்து காற்றைக் கட்டுப்படுத்தும் ஸ்லைடை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். என்ஜின் பக்கம் பளபளவென்று தேய்ந்து, மேலிருந்து கீழாகக் கோடு கோடாகக் கீறல். கூட்டுக்குள் விட்டு ஆட்டினால் கடகடவென்று ஆடுகிறது. அந்த இடைவெளி வழியே காற்று புகுந்தால் ஐடிலிங், அதாவது ஆக்சிலேட்டர் கொடுக்காதபோது என்ஜின் மெதுவாக ஓடுவது, எப்படி நிலையாக இருக்கும்? துளையைக் கடைந்து சீராக்கி, அதற்கேற்ற ஸ்லைடு பொருத்த வேண்டும். லேத் தெரிந்தவர் செய்ய வேண்டிய வேலை அது.

மலிவாகப் புதிதே கிடைக்கிறதே என்கிறார் சித்தப்பா. அப்பா ஓட்டிய வண்டியில் அதனுடைய சொந்தக் கார்புரேட்டர்தான் இருக்க வேண்டும், எனக்கு அதில் சமரசமே இல்லை.

ஒன்று மட்டும் மறக்கக் கூடாது. நான் இருக்கும் ஊட்டி ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரம். சமவெளியைவிடக் காற்றின் அடர்த்தி சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கோவையில் கச்சிதமாக இருக்கும் ஜெட், இங்கே பெட்ரோலை அதிகமாக ஊற்றி பிளக்கில் கரி படிய வைக்கும். அதனால் கடைசி டியூனிங் இங்கேதான். ரப்பர் பாகங்களும் எத்தனால் கலந்த பெட்ரோலைத் தாங்குபவையாக இருக்க வேண்டும் என்று சொல்லிவிடுவேன்.

குன்னூர், கோத்தகிரியில் பழைய புல்லட் வைத்திருப்பவர்களே, எந்த எண் மெயின் ஜெட் போட்டிருக்கிறீர்கள்? சொன்னால் கையோடு வாங்கிக்கொண்டு போகிறேன்.