பூட்டு இருந்தா நம்பலாமா?

"பூட்டுப் படம் இருக்குது பாருங்க தம்பி, அப்போ நம்பலாம்ல?"

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிப் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் இன்று காலை போனை நீட்டினார். கேஒய்சி புதுப்பிக்கச் சொல்லி ஒரு லிங்க். திறந்தால் வங்கியின் சின்னம், நிறம் எல்லாம் அப்படியே. மேலே தள முகவரிக்குப் பக்கத்தில் அந்தப் பூட்டு.

யார் கொலுசை நீட்டினாலும் "டச் என்ன?" என்று வெள்ளியின் தூய்மையைக் கேட்பவர். சோதிக்காமல் ஒரு கிராம் வாங்க மாட்டார். அவரையே ஒரு குட்டிப் பூட்டு நம்ப வைத்துவிட்டது.

நாம் அனுப்புவதை வழியில் யாரும் படிக்க முடியாது. அந்தப் பூட்டுக்கு அவ்வளவுதான் அர்த்தம். எதிர்முனையில் இருப்பவர் நல்லவரா என்று அது சொல்லாது. பூட்டு தெரிவதற்கான சான்றிதழ் மோசடிக்காரருக்கும் இலவசமாகவே கிடைக்கும். மக்கள் இதைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள் என்பதால்தான் 2023-ல் குரோம் பூட்டுச் சின்னத்தையே மாற்றியது. அவர் போனில் இருந்தது வேறு பிரவுசர்.

ரிசர்வ் வங்கி 2025-ல் நம் வங்கிகளுக்கு மட்டும் தனி முகவரி அறிவித்தது. தளத்தின் பெயர் 'டாட் பேங்க் டாட் இன்' (.bank.in) என்று முடிய வேண்டும்; பேங்க்குக்கு முன்னாலும் புள்ளி இருக்க வேண்டும். அது வேறு யாருக்கும் கிடைக்காது.

இருவரும் எழுத்துக் கூட்டிப் படித்தோம். அப்படி முடியவில்லை.

"அப்போ கலப்படம்" என்று அழித்தார். அப்புறம் பட்டறையில் இருந்த இருவரையும் கூப்பிட்டு, "உங்க போனைக் காட்டுங்கப்பா" என்றார்.