இரண்டாம் டெனர்

ஜனவரி 22, திங்கள்

பிப்ரவரி 17 கச்சேரிக்கான தாள்கள் இன்று வந்தன. முழுக்க ஜாஸ் இசையமைப்பாளர் பில்லி ஸ்ட்ரேஹார்னின் பாட்டுகள். நியூயார்க்கிலிருந்து ஒரு டெனர் சாக்ஸபோன்காரர் வந்து எங்கள் கல்லூரி ஜாஸ் பேண்டோடு சோலோ வாசிக்கிறார். ஆனால் அவர் வருவது முந்தின நாள்தான். அதுவரை அவர் இடத்தில் யாராவது நின்று வாசித்தால்தான் மற்றவர்களுக்குப் பழகும். இயக்குநர் வரிசையை ஒருமுறை பார்த்துவிட்டு என்னைக் காட்டினார். ஏன் என்று எனக்குத் தெரியும். ஐந்து சாக்ஸபோனில் ஒன்றை எடுத்துவிட்டால் சட்டென்று வித்தியாசம் தெரியாதது நான் வாசிக்கும் இரண்டாம் டெனர்தான். சரி என்று தலையாட்டிவிட்டேன்.

பிட்ஸ்பர்க்கில் இருந்துகொண்டு ஸ்ட்ரேஹார்ன் வாசிப்பது, திருவையாற்றில் உட்கார்ந்து தியாகராஜர் பாடுவது மாதிரி. அவர் வளர்ந்த ஊர் இது. 1938 டிசம்பரில் ஜாஸ் பேண்ட் தலைவர் டியூக் எலிங்டன் இங்கே ஸ்டான்லி தியேட்டருக்கு வந்தபோது, மருந்துக்கடையில் வேலை பார்த்த 23 வயதுப் பையன் மேடைக்குப் பின்னால் போய் பியானோ வாசித்துக் காட்டினான். அப்புறம் 1967இல் சாகும்வரை எலிங்டனோடுதான். தியேட்டர் இன்னும் இருக்கிறது, பெயர்தான் பெனடம் சென்டர் என்று மாறிவிட்டது.

ஜனவரி 31, புதன்

ஸ்ட்ரேஹார்னின் ‘செல்சி பிரிட்ஜ்’ படுத்துகிறது. தாளில் பியானோவுக்கு ஐந்து ஃபிளாட் (அரை சுரம் இறக்கும் குறி), டெனருக்கு மூன்றுதான். அதனால் எனக்குச் சுலபம் என்று நினைத்தது என் அறியாமை. 1941இல் எலிங்டன் பதிவு செய்ததில் டெனர் வாசித்தது பென் வெப்ஸ்டர். அவர் ஊதும்போது முதலில் காற்று வருகிறது, அதற்குள்ளிருந்து சுரம் வருகிறது. நான் ஊதினால் முதலில் ரீட் (ஊதுவாயின் நாணல் பட்டை) கத்துகிறது, அதற்குப் பிறகு அறைத்தோழன் கத்துகிறான்.

பிப்ரவரி 7, புதன்

‘டேக் தி ஏ டிரெயின்’. ஹார்லெமில் இருக்கும் தன் வீட்டுக்கு எந்த ரயிலில் வரவேண்டும் என்று எலிங்டன் ஸ்ட்ரேஹார்னுக்குச் சொன்ன வழியிலிருந்து பிறந்த பாட்டு என்பார்கள். அது மேலே வந்ததற்கு ஒரு சண்டையும் காரணம். 1941 தொடக்கத்தில் இசையமைப்பாளர் சங்கத்துக்கும் ரேடியோக்காரர்களுக்கும் பணத் தகராறு. எலிங்டன் சங்க உறுப்பினர் என்பதால் அவர் எழுதியது எதுவும் ரேடியோவில் போகாது. ஸ்ட்ரேஹார்ன் உறுப்பினர் இல்லை. அவசரமாகப் புதுப் பாட்டுகள் வேண்டியிருந்தன, இது எலிங்டன் பேண்டின் முகப்புப் பாட்டாகவே ஆகிவிட்டது.

எங்கள் தாளில் சோலோ எத்தனை கோரஸ் வேண்டுமானாலும் போகலாம். நான்கு தட்டு ஒரு பார், பாட்டின் 32 பாரும் ஒரு சுற்று முடிந்தால் ஒரு கோரஸ். இயக்குநர் கையைத் தூக்கினால் அடுத்த கோரஸில் டிராம்போன்கள் பின்னால் நுழையவேண்டும். நான் ஒவ்வொரு முறையும் முதல் 32 பார் முடிகிற இடத்தில் ஒரே முடிப்பைத்தான் வாசிக்கிறேன். வேறு தைரியம் வரவில்லை. கோர்வை வந்தால் மிருதங்கக்காரருக்குத் தெரிவதுபோல, அதைக் கேட்டதும் டிராம்போன்கள் எழுந்துவிடுகின்றன. கையை யாரும் பார்ப்பதில்லை. இயக்குநர் இன்று இரண்டு முறை எச்சரித்தார்.

பிப்ரவரி 16, வெள்ளி

நியூயார்க்கிலிருந்து அவர் வந்துவிட்டார். ஒல்லியான மனிதர், அதிகம் பேசவில்லை. ‘ஏ டிரெயின்’ முதல் கோரஸ் முடியும் நேரம், என் முடிப்பு வரவேயில்லை. ஆனாலும் டிராம்போன்கள் நான்கும் பழக்கதோஷத்தில் நுழைந்தன. அவர் அப்போதுதான் சூடுபிடித்துக்கொண்டிருந்தார். நிறுத்திவிட்டு, இங்கே நுழையச் சொல்லிக்கொடுத்தது யார் என்று சிரித்துக்கொண்டே கேட்டார். பேண்டே என் பக்கம் திரும்பியது. பள்ளிக்கூடப் பையன் மாதிரி கையைத் தூக்கினேன்.

இதைவிட மோசம் இன்னொன்று. கிட்டத்தட்ட நாலு வாரமாக அவருடைய வரியைப் படித்தேனே தவிர, என்னுடைய இரண்டாம் டெனர் தாளைத் திறந்துகூடப் பார்க்கவில்லை! இன்று என் நாற்காலியில் உட்கார்ந்து முதல்முறையாகப் பார்த்து வாசித்தேன். பக்கத்தில் பேரிடோன் சாக்ஸபோன் வாசிக்கும் பெண் பார் எண்ணைக் கிசுகிசுத்துக் காப்பாற்றினாள். இப்போது மணி ஒன்றரை. பயிற்சி அறையிலிருந்து எழுதுகிறேன்.

பிப்ரவரி 17, சனி

‘செல்சி பிரிட்ஜ்’ மெட்டை அவர் மாற்றவேயில்லை. எழுதியதை எழுதியபடி, கொஞ்சம் பிந்தி பிந்தி வாசித்தார். நான் இத்தனை நாளும் அதை அலங்கரித்துக்கொண்டிருந்தேன். என் தாளில் ஓரிடத்தில் நீளமாக ஒரு சுரம். நேற்று இரவு தனியாக ஊதியபோது அச்சுப்பிழை என்றே நினைத்தேன். இன்று லீட் ஆல்ட்டோ சாக்ஸபோனின் சுரத்தோடு அரை சுரம் உரசி நின்றது. அவர் டெனர் அதன்மேல் வந்து உட்கார்ந்தபோதுதான் அது எதற்கென்று புரிந்தது. நான் முன்னால் நின்று வாசித்த நாட்களில் அந்த இடம் காலியாகத்தான் இருந்திருக்கிறது. யாருக்கும் தெரியவில்லை, எனக்கும்.

‘ஏ டிரெயின்’ ஆறு கோரஸ் போனார். டிராம்போன்கள் கண் இமைக்காமல் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதல் கோரஸ் முடிவில் மட்டும் என் விரல்கள் சத்தமில்லாமல் அந்த முடிப்பை அழுத்திவிட்டு வந்தன.

இரவு அப்பா பாளையங்கோட்டையிலிருந்து போன் செய்தார். நேரலையில் பார்த்தாராம். “நடுவுல நின்னு வாசிச்சாரே, அவரு பிரமாதம். நீ எங்கல இருந்த?”

பிப்ரவரி 19, திங்கள்

தாள்களைத் திருப்பிக் கொடுத்தோம். அடுத்தது கவுண்ட் பேஸி என்ற ஜாஸ் பேண்ட் தலைவரின் பாட்டுகள். சோலோ எதுவும் என் பக்கத்தில் இல்லை.

மதியம் கேன்டீன் வரிசையில் எனக்கு முன்னால் இரண்டாம் டிராம்போன். தட்டில் தாளம் போட்டுக்கொண்டே என் முடிப்பைச் சீட்டியடித்துக்கொண்டிருந்தான். கடைசி சுரத்தைத் தப்பாக அடித்தான். திருத்திவிட்டேன்.